சாவோ கயெட்டானோ: மாநில முதல் டிவிஷனே ஆடாம தேசிய ஃபைனல் ஆடின கிளப்

வணக்கம் நண்பர்களே. இன்னைக்கு பிரேசிலோட ஒரு குட்டி கால்பந்து கிளப், சாவோ கயெட்டானோ. "ஏதோ அதிர்ஷ்டத்துல மேல வந்தாங்க, போயிட்டாங்க"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. பாயின்ட் டேபிளை எடுத்து வச்சா அந்தப் பேச்சு நிக்காது.

ஊரு சாவோ பாலோ நகரத்தை ஒட்டினது. மொத்தமே சுமார் 15 சதுர கிலோமீட்டர். ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அங்கதான் இருக்கு, வசதியான ஊரு. ஆனா கிளப் ஆரம்பிச்சது 1989 டிசம்பர் 4. அதுக்குள்ள ஊர்ல நிறைய பேர் கொரிந்தியன்ஸ், பால்மெய்ராஸ் மாதிரி சாவோ பாலோ நகரத்துப் பெரிய கிளப்புகளோட ரசிகரா ஆகியாச்சு. பணம் இருக்கு, கூட்டம் இல்லை. பின்னாடி நடந்த பலதுக்கும் வேர் இதுதான்.

இப்ப 2000-க்கு வாங்க. முந்தின வருஷம் சாவோ பாலோ கிளப் ஒரு ஆட்டக்காரரைத் தப்பான பதிவோட இறக்கினதால, அவங்க பாயின்டைப் பிடுங்கி எதிரணிகளுக்குக் கொடுத்தாங்க. அதுல கீழ் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டது காமா. வாஸ்கோ ட காமா இல்லைங்க, இது பிரேசிலியா பக்கத்து கிளப், குழப்பிக்காதீங்க. அவங்க கோர்ட்டுக்குப் போக, தேசிய சம்மேளனத்தால லீக்கே நடத்த முடியலை. பெரிய கிளப்புகளே சேர்ந்து 116 அணிகளை வச்சு "கோப்பா ஜோவாவ் ஹவலாஞ்ச்"னு ஒண்ணு நடத்தினாங்க. நாக் அவுட்டுக்கு 16 இடம்: மேல்மட்டப் பிரிவுல இருந்து 12, இரண்டாம் மட்டத்துல இருந்து 3, கீழே இருந்து 1. அந்த மூணுல ஒண்ணுதான் சாவோ கயெட்டானோ. பிரேசில்ல தேசிய லீக் தவிர ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி லீக் உண்டு. அந்த வருஷம் அவங்க சொந்த மாநில லீக்ல ஆடிட்டிருந்தது இரண்டாவது டிவிஷன்!

நாக் அவுட்ல ரியோ நகரத்து ஃப்ளுமினென்சே கூட முதல் ஆட்டம் 3-3. ரெண்டாவது ரியோவோட மரக்கானா மைதானத்துல. அங்க சாவோ கயெட்டானோ ஃபார்வர்டு அதேமார் தூரத்துல இருந்து அடிச்ச ஒரே ஒரு ஃப்ரீ கிக், 1-0, ஃப்ளுமினென்சே காலி. அடுத்து பால்மெய்ராஸ், அப்புறம் க்ரேமியோவும் காலி. தொடர்ல 22 கோல் போட்ட அதேமாரை ஜனவரியிலேயே ஜெர்மனியோட ஸ்டுட்கார்ட் தூக்கிட்டுப் போயிடுச்சு. சின்ன கிளப்புக்கு எப்பவும் இதே தலைவலிதான்.

ஃபைனல் ரியோவோட வாஸ்கோ ட காமாவோட. முதல் ஆட்டம் 1-1. டிசம்பர் 30, வாஸ்கோ மைதானத்துல ரெண்டாவது ஆட்டம் தொடங்கி அரைமணி ஆகலை, நெரிசல்ல கம்பி வேலி சரிஞ்சு 150 பேருக்கு மேல காயம். அடிபட்டவங்க புல்தரையில கிடக்கும்போதே ஆட்டத்தைத் தொடரணும்னு வாஸ்கோ நிர்வாகி யூரிகோ மிராண்டா நின்னாரு. மாநில ஆளுநர்தான் நிறுத்தினாரு. ஜனவரி 18 மரக்கானாவுல மறு ஆட்டம், வாஸ்கோ 3-1.

"நாக் அவுட்ல குருட்டாம்போக்கு"ங்கிறவங்களுக்கு: 2001 தேசிய லீக்ல, 27 ஆட்டம் கொண்ட லீக் சுற்றுல முதலிடம் யாரு? இவங்கதான். ஃபைனல்ல அத்லெட்டிகோ பரனென்சேகிட்ட 4-2, 1-0ன்னு தோத்தாங்க. அந்த அஞ்சு கோல்ல நாலு அலெக்ஸ் மினெய்ரோ போட்டது. 2003-ல நாக் அவுட்டே கிடையாது, 46 ஆட்டம், முழுக்க பாயின்ட் கணக்கு. அதுல நாலாவது இடம். இடையில 2002 லிபர்டடோரஸ், அதாவது தென் அமெரிக்கக் கிளப்புகளோட பெரிய கோப்பை, அதோட ஃபைனல்: பராகுவே கிளப் ஒலிம்பியாவை பராகுவேயிலேயே 1-0 ஜெயிச்சுட்டு வந்து, சாவோ பாலோவோட பகாயெம்பூ மைதானத்துலயும் முதல் கோல் இவங்களோடது. அப்புறம் ரெண்டு வாங்கி, மொத்தக் கணக்கு 2-2 ஆகி, பெனால்டியில 4-2ன்னு கோட்டை விட்டாங்க. எனக்கு இதுதான் பெரிய வயித்தெரிச்சல்.

2004-ல முரிசி ரமாலியோ பயிற்சியில மாநிலக் கோப்பை கிடைச்சுது. அதே வருஷம் அக்டோபர் 27, மொரும்பி மைதானத்துல இவங்க டிஃபென்டர் செர்ஜின்யோ இதயம் நின்னுபோய் விழுந்து இறந்துபோனாரு. இதயத்துல கோளாறு இருக்குன்னு அந்த வருஷத்துப் பரிசோதனையிலேயே தெரிஞ்சிருந்தது. விளையாட்டு நீதிமன்றம் 24 பாயின்டைக் கழிச்சு, கிளப் தலைவரையும் டாக்டரையும் இடைநீக்கம் செஞ்சுது. அந்த வருஷ தேசிய லீக் டேபிள்ல 18-ஆவது இடம், 53 பாயின்ட்னு பார்ப்பீங்க. கழிக்கலைன்னா 77. டிசம்பர்ல கிளப்புக்குப் பின்பலமா இருந்த மேயர் டொர்டொரெல்லோவும் காலமானாரு.

2006-ல தேசிய லீக்கோட முதல் மட்டமான ஏ-யில இருந்து அடுத்த மட்டமான பி-க்கு இறங்கினாங்க. 2013-ல சி, 2014-ல டி. டி-யில இடம் வேணும்னா மாநிலப் போட்டிகள்ல தகுதி பெறணும். அதுவும் கைவிட்டா அந்த வருஷம் தேசிய லீக்கே கிடையாது, டிவி பணமும் இல்லை. டிக்கெட் வசூல்ல சமாளிக்கலாம்னா, அதான் முதல்லயே சொன்னேனே, கூட்டம் கிடையாது.

அடுத்த வீடியோல ஜுண்டியாய் ஊரு கிளப் பாலிஸ்தா. 2004 மாநில ஃபைனல்ல இவங்ககிட்ட தோத்துட்டு, 2005-ல தேசிய நாக் அவுட் கோப்பையான கோப்பா தோ பிரேசிலையே தூக்கினாங்க.