குருத்தெலும்புக்கு வலி தெரியாது: முழங்கால் தேய்மானமும் கத்தியில்லாச் சிகிச்சைகளும்

[திரையில்: முழங்கால் எக்ஸ்-ரே]

"மூட்டு தேய்ந்துவிட்டது" என்று மருத்துவர் சொன்னதும் பலர் கலங்கிப்போகிறார்கள். ஆனால் தேய்வது எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு; அதில் நரம்பும் இல்லை, இரத்தக்குழாயும் இல்லை. அதற்கு வலி தெரியாது. படத்தில் மோசமாகத் தேய்ந்திருந்தும் சுகமாக நடப்பவர்கள் உண்டு. சிறிதளவே தேய்ந்து, தூக்கமின்றித் தவிப்பவர்களும் உண்டு.

[திரையில்: மூட்டின் உள்ளுறை, சிவந்து வீங்கிய நிலையில்]

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? மூட்டின் உள்ளுறை அழற்சி கண்டு வீங்குகிறது. அங்கே புதிய நுண் இரத்தக்குழாய்கள் முளைக்க, அவற்றை ஒட்டி நரம்பிழைகளும் வளர்கின்றன. குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பும் நோகிறது. கத்தியில்லாச் சிகிச்சைகள் குறிவைப்பது வலி பிறக்கும் இடத்தை அல்லது அது செல்லும் பாதையை. தேய்ந்ததை வளர்த்துத் தருவதாக யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு ஊசி வேகமாகக் கேட்கும். பலன் சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள்கள் சர்க்கரை ஏறும். திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்வது நல்லதல்ல: 12 வாரங்களுக்கு ஒருமுறை என 2 ஆண்டுகள் போட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வில், மருந்தில்லாத வெறும் உப்புநீர் ஊசியைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகக் கரைந்தது. நம் இரத்தத்திலிருந்தே தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்தெடுத்துச் செலுத்தும் பி.ஆர்.பி. ஊசிக்குச் செலவு அதிகம். 2021-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில் 288 பேரில் அதுவும் உப்புநீரை வெல்லவில்லை. பணம் கட்டும் முன் இதைத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

[திரையில்: முழங்காலைச் சுற்றியுள்ள நரம்புகள்]

அடுத்தது ரேடியோ அலைச் சிகிச்சை. மூட்டிலிருந்து வலியைச் சுமந்து செல்லும் மூன்று நரம்புகளின் அருகே ஊசியை நிறுத்தி, அதன் நுனியைச் சூடாக்கி, நரம்பைச் செயலிழக்கச் செய்கிறார்கள். கால் அசைவு பாதிக்கப்படுவதில்லை. பலன் ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டு. நரம்பு மீண்டும் வளர்ந்ததும் வலி திரும்பலாம். எனக்கு இதில் பிடித்தது அதன் நேர்மை. முதலில் மரப்பு ஊசி போட்டுப் பார்க்கிறார்கள். அதில் வலி குறையவில்லை என்றால் மேற்கொண்டு செய்வதில்லை.

புதியது, இரத்தக்குழாய் அடைப்புச் சிகிச்சை. ஜப்பானிய மருத்துவர் யூஜி ஒகுனோ முதலில் 14 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார். தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயை முழங்கால் வரை செலுத்தி, அழற்சியில் முளைத்த நுண்குழாய்களை மட்டும் நுண்துகள்களால் அடைக்கிறார்கள். மிதமான தேய்மானம் உள்ளவர்களுக்கே இது அதிகம் பொருந்தும். தோலில் தற்காலிக நிறமாற்றம் வரலாம். இதை, அடைப்பதுபோல் பாவனை மட்டும் செய்யும் போலிச் சிகிச்சையுடன் ஒப்பிட்ட ஆய்வுகள் சிலவே; அவற்றின் முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. கால் வளைந்து, மூட்டு முற்றிலும் தேய்ந்தவர்களுக்கு மூட்டு மாற்று அறுவைதான் சரியான வழி.

[திரையில்: நாற்காலியில் அமர்ந்து கால் நீட்டும் பயிற்சி]

2020-இல் 156 பேரிடம் ஸ்டீராய்டு ஊசியையும் பிசியோதெரபியையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டு கழித்து, பிசியோதெரபி பெற்றவர்களே வலி குறைந்து நன்றாக நடமாடினார்கள். எந்த ஊசி போட்டுக்கொண்டாலும், வலி தணிந்திருக்கும் அந்த வாரங்களிலேயே தொடைத் தசைப் பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள்.