நான்கு நிமிடப் பயிற்சியில் தொப்பை குறையுமா?

உட்கார்ந்து வேலை பார்க்கும் 42 வயது நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “இரண்டு மாதங்களாகத் தினமும் நான்கு நிமிடம் டபாட்டா என்ற தீவிரப் பயிற்சியைச் செய்கிறேன். அதன் பிறகு நாள் முழுவதும் கொழுப்பு கரையும் என்றார்கள். ஆனால் தொப்பை அப்படியே இருக்கிறது. எங்கே தவறு?”

உங்களிடம் சொன்னவர்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஜப்பானிய ஸ்பீட் ஸ்கேட்டிங் அணியின் பயிற்சியாளர் கையாண்ட முறையை ஆராய்ந்து, இசுமி டபாட்டா என்ற ஆய்வாளர் 1996-இல் முடிவுகளை வெளியிட்டார். நல்ல உடற்திறன் கொண்ட இளைஞர்கள் நிலைமிதிவண்டியில் 20 நொடி மூச்சு முட்ட மிதித்து, 10 நொடி ஓய்ந்து, ஏழெட்டுச் சுற்றுகளில் இனி முடியாது என்ற நிலையை எட்டினார்கள். ஆறு வாரங்களில் அவர்களின் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கூடியது. ஆக்சிஜன் போதாத நிலையில் உழைக்கும் திறன் 28 சதவீதம் உயர்ந்தது. கொழுப்பு எவ்வளவு குறைந்தது என்பது அந்த ஆய்வின் கேள்வியே அல்ல.

பயிற்சி முடிந்த பிறகும் உடல் சற்றுக் கூடுதலாக ஆற்றலைச் செலவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கூடுதல், பயிற்சியின்போது செலவானதில் பெரும்பாலும் 15 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. நான்கு நிமிடத்தில் 60 கலோரி செலவழித்தீர்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், பிறகு சேர்வது 9 கலோரி, ஆக 69. உடலில் ஒரு கிலோ கொழுப்பு குறையச் சுமார் 7,700 கலோரி செலவாக வேண்டும் என்பதால், இந்தக் கணக்கில் அதற்கு 110 நாட்களுக்கு மேல் ஆகும். பயிற்சி முடித்த மகிழ்ச்சியில் டீக்கடையில் ஒரு மெதுவடை சாப்பிட்டால் அன்றைய கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

அதற்காக இந்தப் பயிற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. இப்படி வேகமும் ஓய்வுமாக மாறி மாறிச் செய்யும் தீவிர இடைவெளிப் பயிற்சியையும், சீரான நடை, ஓட்டத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் கொழுப்புக் குறைவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. இதில் மிச்சமாவது நேரம். ஆனால் அந்த ஆய்வுகளில் செய்யப்பட்டவை பெரும்பாலும் நான்கு நிமிடத்தைவிட நீண்ட பயிற்சிகள்.

ஆகவே இப்படி மாற்றிப் பாருங்கள். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், அடுத்தடுத்த நாட்களாக இல்லாமல், முதலில் ஐந்து நிமிடம் மெதுவாக மிதித்து உடலைச் சூடாக்கிவிட்டு, 30 நொடி வேகமாகவும் 90 நொடி மெதுவாகவுமாக ஆறு முதல் எட்டுச் சுற்று செய்யுங்கள். வேகமான 30 நொடியில் உங்களால் இரண்டு சொற்களுக்கு மேல் பேச முடிந்தால் அது தீவிரமே அல்ல. மற்ற நாட்களில் 45 நிமிடம் வேகமாக நடங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, நெஞ்சுவலி, குடும்பத்தில் இதயநோய் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். இதில் சமரசம் வேண்டாம்.

சாப்பாட்டில், இரவுத் தட்டிலிருந்து ஒரு தோசையைக் குறைத்து, அந்த இடத்தில் சுண்டலோ முட்டையோ வையுங்கள். வயிற்றுக் கொழுப்பை மட்டும் தனியாகக் கரைக்கும் பயிற்சி எதுவும் கிடையாது. தொப்பை குறைகிறதா என்று பார்க்க, எடை இயந்திரத்தில் தினமும் ஏறி இறங்காமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காலையில் வெறும் வயிற்றில், மூச்சை இயல்பாக விட்டபடி, தொப்புளுக்கு நேராக டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள்.