பெத்தவரா, வளர்த்தவரா?

நடுவர் ஐயா, ரெண்டு அணி நண்பர்கள், சபையோர், எல்லாருக்கும் வணக்கம். மணியடிக்கிறவருக்கு மட்டும் தனியா ஒரு வணக்கம்.

"பாட்டு யாருக்குச் சொந்தம், எழுதினவருக்கா, பாடிப் பரப்பினவருக்கா?" எழுதினவருக்கேன்னு பேச வந்திருக்கேன். ரெண்டு அணியும் எடுத்துக்கிட்டது ஒரு இங்கிலீஷ் பாட்டு, 'ஐ டோன்ட் வான்ட் டு டாக் அபவுட் இட்'. எழுதினவர் டேனி விட்டன். 1971-ல கிரேஸி ஹார்ஸ்ங்கிற அமெரிக்க ராக் குழுவோட முதல் ஆல்பத்துல அவரே பாடினாரு. காதலி மனசை உடைச்சிட்டா. "அதைப் பத்திப் பேச விரும்பலை"ங்கிறான். சொல்லிட்டுப் பாட்டு முழுக்க அதையேதான் பேசுறான்! சிரிக்காதீங்க, இங்க பாதிப் பேரு அப்படித்தான்.

எதிரணித் தம்பி கேட்டாரு: "விட்டன் பெத்துப் போட்டாரு. வளர்த்து ஆளாக்கினது இங்கிலாந்துப் பாடகர் ராட் ஸ்டூவர்ட். யாரு தாய்?" நான் எழுதிட்டு வந்த நாலு பக்கமும் போச்சு. இதுக்குப் பதில் சொல்லாம வீட்டுக்குப் போனா எனக்குச் சோறு இறங்காது.

வளர்த்தாரு, ஒத்துக்கிறேன். 1975-ல பாடினாரு. 1977-ல இங்கிலாந்துல சிங்கிளா, தனி இசைத்தட்டா வந்து, விற்பனைப் பட்டியல்ல நாலு வாரம் முதலிடம். அதுவும் எப்போ? எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்த வெள்ளி விழா! செக்ஸ் பிஸ்டல்ஸ்னு ஒரு கலகக்கார பங்க் குழு, அந்தப் பசங்க ராணியை நக்கலடிச்சுப் பாட்டுப் போட, பிபிசி தடை போட, தடை போட்டதாலயே அது விறுவிறுன்னு ஏறி ரெண்டாமிடத்துல வந்து நிக்குது. மேல ஏற முடியலை. ஏன்? முதலிடத்துல நம்ம சோகப் பாட்டு உட்கார்ந்திருக்கு! விற்பனைக் கணக்குல யாரோ கைவெச்சுட்டாங்கன்னு அங்க இன்னும் புலம்புறவங்க உண்டு. தம்பி மார்தட்டினாரு: "கலகக்காரனையே நிறுத்தினது எங்க பாடகர்!"

தம்பி, அந்த இசைத்தட்டைக் கொஞ்சம் திருப்புங்க. அது டபுள் ஏ சைடு. ரெண்டு பக்கமும் ராஜா. இந்தப் பக்கம் விட்டன் பாட்டு. அந்தப் பக்கம்? 'தி ஃபர்ஸ்ட் கட் இஸ் தி டீப்பஸ்ட்'. எழுதினது கேட் ஸ்டீவன்ஸ்ங்கிற இன்னொரு பாடகர்! 1967-லயே பி.பி. அர்னால்ட் பாடி ஹிட்டான பாட்டு. மறுபடி திருப்புங்க. விட்டன். இன்னொரு தடவை. ஸ்டீவன்ஸ். தோசையை எத்தனை தடவை திருப்பினாலும் மாவு பக்கத்து வீட்டுது தம்பி! ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

 

ஐயா, 1972 நவம்பர். பிரபல ராக் பாடகர் நீல் யங் தன்னோட டூருக்கு ஒத்திகை பார்க்கிறாரு. கிட்டாரோட விட்டன். போதைப் பழக்கம், விரல் பழைய மாதிரி ஓடலை. வேற வழியில்லாம அனுப்பிடுறாங்க. கையில அம்பது டாலரு, லாஸ் ஏஞ்சலஸுக்கு ஒரு விமான டிக்கெட்டு. அன்னைக்கு ராத்திரியே இறந்து போயிட்டாரு. வயசு 29.

ராட் ஸ்டூவர்ட் கச்சேரியில இந்தப் பாட்டு வந்தா, அவர் நிறுத்திடுவாரு, ஜனங்க பாடுவாங்க. அத்தனை ஆயிரம் வாயும் பாடுறது, "நான் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா என் மனசைக் கேட்பியா?"ன்னு அந்தப் பையன் கேட்ட கேள்வியை. அம்பது டாலரோட கிளம்பின அன்னைக்கு, "இன்னும் கொஞ்ச நேரம் இரு"ன்னு சொல்ல யாரு இருந்தா?

நடுவர் ஐயா, தீர்ப்புக்கு முன்னாடி அந்த 1971 பதிவைக் கேளுங்க. பெரிய குரல் இல்லை. பின்னாடி ரை கூடரோட ஸ்லைடு கிட்டார் தேம்பும். கேட்டுட்டுச் சொல்லுங்க, யாரு தாய்னு.

மணி அடிச்சாச்சா? சரி. அதைப் பத்தி இனிமே நான் பேச விரும்பலை.