ஐஸ்ல விழுந்தாலும் மார்க் விழுமா?

[திரை: வெறும் பனித்தளம். ஸ்கேட் உரசும் சத்தம் மட்டும்.]

2017-18 சீசன் வரைக்கும் ஃபிகர் ஸ்கேட்டிங்ல ஒரு கூத்து நடந்துச்சு. ஒருத்தர் நாலு சுத்து லட்ஸ்ங்கிற தாவலைப் போட்டு, இறங்கும்போது தடால்னு விழுறார். இன்னொருத்தர் மூணு சுத்து லட்ஸ் போட்டு பூ மாதிரி இறங்குறார். மார்க் யாருக்கு அதிகம்? விழுந்தவருக்குத்தான்!

[திரை: ரெண்டு கணக்கும் பக்கத்துப் பக்கத்துல.]

நாலு சுத்து லட்ஸோட அடிப்படை மார்க் அப்போ 13.6. எவ்வளவு மோசமா இறங்கினாலும் தரத்துக்காகக் கழிக்கிறது 4 தான். விழுந்ததுக்குத் தனியா 1. மிச்சம் 8.6. மூணு சுத்துக்கு அடிப்படை 6.0. நடுவர்கள் எல்லாரும் அள்ளிக் கொடுத்தாலும் 2.1 கூடும், 8.1 ஆகும். அவ்வளவுதான்.

2018ல சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் மார்க் பட்டியலை மாத்தி எழுதுச்சு. நாலு சுத்து லட்ஸ் 11.5க்கு இறங்குச்சு. தர மார்க் மைனஸ் 5ல இருந்து ப்ளஸ் 5 வரைக்கும்; ஒவ்வொரு படிக்கும் அடிப்படை மார்க்ல 10 சதவீதம். விழுந்தா பாதி காலி, மேல இன்னொரு 1. இப்போ விழுந்த லட்ஸுக்கு 4.75 தான். மூணு சுத்து லட்ஸைச் சுமாரா இறக்கினாலே 5.9. இதுல எனக்குப் புகார் எதுவும் இல்ல.

ஆனா வெட்டுன வேகத்துல நாலு சுத்து அக்செல்ங்கிற தாவலோட மார்க்கையும் சேர்த்து வெட்டிட்டாங்க.

[திரை: புறப்படுற காலோட நெருக்கமான காட்சி, மெதுவா.]

இந்தக் காலைப் பாருங்க. ஆறு வகைத் தாவல்ல இது ஒண்ணுதான் முன்பக்கமா கிளம்புறது. இறங்குறது என்னவோ எல்லாமே பின்பக்கமாத்தான். அதனால அக்செல்ல அரை சுத்து கூடுதல். பேர்தான் நாலு, சுத்துறது நாலரை. அதுவும் ஒரு செகண்டுக்குள்ள.

மூணு சுத்துல அக்செலுக்கு 8.0, லட்ஸுக்கு 5.9. அந்த அரை சுத்துக்கு 2.1 மார்க் கிடைக்குது. நாலு சுத்துல? 12.5, 11.5. வெறும் 1. லட்ஸ்ல ப்ளஸ் 1 வாங்குறவர், அக்செலைத் தப்பில்லாம, சாதாரணமா இறக்கினவரைத் தாண்டிடுவார். அப்புறம் எவன் ரிஸ்க் எடுப்பான்?

எடுத்தவர் ஒருத்தர் இருந்தார். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக், ஜப்பானோட யூசுரு ஹன்யூ. சுத்து முழுசா முடியலைன்னு அடிப்படை மார்க் 10 ஆச்சு, விழுந்ததுல 5 போச்சு, தனி அபராதம் 1. கையில நின்னது 4. போட்டியில நாலாவது இடம். அதே வருஷம் செப்டம்பர்ல அமெரிக்காவோட இலியா மாலினின்தான் போட்டியில முதல் முறையா இதை முழுசா இறக்கினார்.

2018க்கு முன்னாடி நாலு சுத்து அக்செலுக்கு 15 இருந்துச்சு. மூணு சுத்துல லட்ஸுக்கும் அக்செலுக்கும் இருக்கிற அதே விகிதத்தை இங்கயும் போட்டுப் பாருங்க, 15.6 வருது. அந்த 15 ஒண்ணும் ஊதாரித்தனம் இல்ல.

[திரை: 15 - 7.5 - 1]

மார்க்கை ஏத்தினா ஆசைப்பட்டு இடுப்பை உடைச்சுக்குவாங்கன்னு சொல்றவங்க இருக்காங்க. பயம் நியாயம்தான். ஆனா 15 கொடுத்தாலும் விழுந்தா கிடைக்கிறது 6.5. மூணு சுத்து அக்செலை நிதானமா இறக்கினா 8.