இரண்டாம் இடத்தில் யார் என்று உங்களுக்குச் சொன்னது யார்?

வணக்கம் நண்பர்களே. இன்று என் கையில் இருப்பது ஒரு பழைய தேர்தல் துண்டறிக்கை. கேமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன், பாருங்கள். கட்சியின் பெயரை விரலால் மறைத்திருக்கிறேன். இதைப் போன்ற ஒன்றை அச்சடிக்காத கட்சியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால் பெயர் முக்கியமில்லை. மூன்று தூண்கள் வரைந்திருக்கிறார்கள். முதல் தூணின் தலையில் 38 விழுக்காடு, இரண்டாவதன் தலையில் 33, மூன்றாவதன் தலையில் 27. அதற்குக் கீழே தடித்த எழுத்தில், இந்தத் தொகுதியில் போட்டி இருவருக்கு இடையில்தான் என்றும், மூன்றாமவருக்குப் போடும் ஓட்டு வீணாகும் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

நான் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். முதல் தூண் 9 சென்டிமீட்டர், இரண்டாவது 8, மூன்றாவது வெறும் 2. முதல் தூணுக்கு 9 சென்டிமீட்டர் என்றால், 27 விழுக்காட்டுக்கு ஆறு சென்டிமீட்டருக்கும் சற்று மேலே வந்திருக்க வேண்டும். துண்டறிக்கையின் அடியில் கடுகளவு எழுத்தில், இந்தக் கணக்கு சட்டமன்றத் தேர்தலின் கணக்கே அல்ல, அதற்கு முன் நடந்த உள்ளாட்சித் தேர்தலின் கணக்கு என்றும் இருக்கிறது. இதையெல்லாம் நான் கவனித்தது வாக்களித்து முடித்த பிறகுதான். எனக்கு உண்மையில் பிடித்திருந்தவர் அந்த 2 சென்டிமீட்டர் வேட்பாளர். முதலாமவர் வந்துவிடக் கூடாது என்ற அச்சத்தில், மனமில்லாமல் இரண்டாமவருக்குப் போட்டுவிட்டு வந்தேன்.

நான் செய்ததற்குப் பெயர் உத்தி வாக்கு. மனத்துக்கு மிகவும் பிடித்தவரை விட்டுவிட்டு, வெல்லக் கூடியவர்களில் நமக்குக் குறைந்த கெடுதல் செய்பவரைத் தேர்ந்தெடுப்பது. இதைக் கோழைத்தனம் என்று சிலரும், முதிர்ச்சி என்று சிலரும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த விவாதத்தில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. உத்தி வாக்கு என்பது அடிப்படையில் தகவலைப் பற்றிய சிக்கல் என்பதும், போட்டி கடுமையாக இருக்கும் தொகுதிகளில்தான் அந்தத் தகவல் மிக மோசமான நிலையில் நம் கைக்கு வருகிறது என்பதும் என் கருத்து.

கடும் போட்டி என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வேறுபட்ட இடைவெளிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்று. 2008ஆம் ஆண்டு ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில் நாத்துவாரா தொகுதியில் சி.பி.ஜோஷி 62,215 வாக்குகள் பெற்று, 62,216 வாக்குகள் பெற்றவரிடம் ஒரே ஒரு வாக்கில் தோற்றார். 2017இல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கு ஃபைஃப் தொகுதி இரண்டு வாக்குகளில் முடிவானது. இந்த முதல் இடைவெளி சுருங்கச் சுருங்க நம் ஒற்றை ஓட்டின் மதிப்பு கூடுகிறது. ஆனால் அந்த ஓட்டை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டியது, இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அது அகலமாக இருந்தால் மூன்றாமவரின் ஆதரவாளர்களுக்குக் கணக்கு எளிது. அது குறுகியிருந்தால், இரண்டாம் இடத்தில் யார் என்பதே தெரியாதபோது, உத்தி வாக்கு குருட்டாம்போக்கில் கல்லெறிவதாகிவிடும்.

இதற்கு நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் தொகுதி லண்டனில் உள்ள கென்சிங்டன். 2017இல் அங்கே லேபர் வேட்பாளர் கன்சர்வேட்டிவ் வேட்பாளரை 20 வாக்குகளில் வென்றார். லிபரல் டெமாக்ரட்டுகள் வெகு தொலைவில் மூன்றாவதாக வந்தார்கள். அந்த முடிவை மட்டும் பார்த்தால், கன்சர்வேட்டிவ் கட்சி வரக் கூடாது என்று நினைத்தவர் 2019 டிசம்பரில் லேபருக்குப் போட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தத் தேர்தலில் லிபரல் டெமாக்ரட் கட்சி நிறுத்தியது முன்னாள் அமைச்சரான சாம் ஜீமாவை. தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் வெளியான தொகுதிவாரிக் கருத்துக்கணிப்பு ஒன்று அவரை இரண்டாம் இடத்தில் வைத்தது. ஆக, கன்சர்வேட்டிவ் கட்சியைத் தோற்கடிக்க வேண்டும் என்ற ஒரே நோக்கம் கொண்டவர்களில் ஒரு பகுதியினர் முந்தைய முடிவை நம்பினார்கள். இன்னொரு பகுதியினர் கணிப்பை நம்பினார்கள். முடிவில் கன்சர்வேட்டிவ் 16,768, லேபர் 16,618, லிபரல் டெமாக்ரட் 9,312. வித்தியாசம் 150 வாக்குகள். அந்த 9,312 பேரில் உத்தி வாக்கு என்று எண்ணியே அங்கே போட்டவர்கள் எத்தனை பேர் என்பதை எந்த எண்ணிக்கை மேசையாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த எண்களைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போடலாம். அரசியல் அறிவியலாளர் கேரி காக்ஸ் முன்வைத்த அளவுகோல் அது: மூன்றாம் இடத்தவரின் வாக்கை இரண்டாம் இடத்தவரின் வாக்கால் வகுக்க வேண்டும். மக்கள் மூன்றாமவரைக் கைவிட்டு ஒன்றுசேர்ந்திருந்தால் விடை சுழியத்தை நெருங்கும். யாரைக் கைவிடுவது என்று அவர்களால் முடிவுசெய்ய முடியாமல் போயிருந்தால் விடை ஒன்றை நெருங்கும். கென்சிங்டனில் 9,312ஐ 16,618ஆல் வகுத்தால் 0.56 வருகிறது. இரண்டும் கெட்டான் நிலை என்று நாம் சொல்வோமே, அதை எண்ணில் எழுதினால் இப்படித்தான் இருக்கும். ஒரே வாக்குச்சீட்டில் அதிக வாக்கு பெற்றவரே வெற்றி என்ற முறை இரு கட்சிப் போட்டியை நோக்கித் தள்ளும் என்று பிரான்ஸ் நாட்டு அறிஞர் மோரிஸ் துவெர்ஜே 1950களில் எழுதியதை எல்லோரும் விதி என்று மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த விதி வேலை செய்ய வேண்டுமானால், யார் மூன்றாமவர் என்பதில் வாக்காளர்களுக்குள் ஓர் உடன்பாடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

தகவல் இல்லாமல் கெட்டது கென்சிங்டன் என்றால், தகவல் மிகத் தெளிவாக இருப்பதாக நம்பிக் கெட்டது 2002ஆம் ஆண்டு பிரான்ஸ். அங்கே அதிபர் தேர்தல் இரண்டு சுற்று; முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இரண்டு இடங்களில் வந்தவர்கள் மட்டும் இரண்டாம் சுற்றில் மோதுவார்கள். முதல் சுற்றில் மனத்துக்குப் பிடித்தவருக்குப் போடலாம், இரண்டாம் சுற்றில் பொறுப்பாகப் போடலாம் என்று பலரும் சொல்வார்கள். அப்போதைய அதிபரான வலதுசாரி ஜாக் சிராக்கும் பிரதமராக இருந்த இடதுசாரி லியோனெல் ஜோஸ்பானும்தான் இரண்டாம் சுற்றுக்கு வருவார்கள் என்பதே ஏப்ரல் 21 வரை நாட்டின் பொது எதிர்பார்ப்பாக இருந்தது. அந்தத் தைரியத்தில் இடதுசாரி வாக்காளர்கள் 16 வேட்பாளர்கள் கொண்ட பட்டியலில் விருப்பம்போலச் சிதறினார்கள். சிராக் 19.88 விழுக்காடு, தீவிர வலதுசாரியான ழான்மரி லெ பென் 16.86, ஜோஸ்பான் 16.18. இரண்டு லட்சத்துக்கும் சற்றுக் குறைவான வாக்குகளில் ஜோஸ்பான் வெளியேறினார். அதே இடதுசாரி அணியில் கிறிஸ்டியான் தோபிரா ஒருவர் மட்டுமே 2.32 விழுக்காடு பெற்றிருந்தார். இரண்டாம் சுற்றில் சிராக் 82 விழுக்காட்டுக்கு மேல் பெற்று வென்றார். அவருக்கு வாக்களித்த இடதுசாரிகளில் எத்தனை பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு போட்டிருப்பார்கள் என்று நானும் யோசித்துப் பார்ப்பதுண்டு. இரண்டு சுற்று வைத்தால் உத்தி வாக்கின் தேவை ஒழிந்துவிடும் என்பவர்களிடம் நான் சொல்வது, அது ஒழிவதில்லை, இரண்டாம் இடத்துக்கான போட்டிக்கு இடம் மாறிப் போகிறது என்பதே.

2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபுளோரிடா மாநிலத்தில் நடந்ததைப் பற்றி நான் பேசாவிட்டால் பின்னூட்டத்தில் கேட்பீர்கள். அங்கே அல் கோரை புஷ் வென்றது 537 வாக்குகளில்; மூன்றாவதாக வந்த ரால்ஃப் நேடர் பெற்றது 97,488. எல்லோருக்கும் தெரிந்த கதைதான். எனக்கு அதில் சுவையானது வேறொன்று. அந்தத் தேர்தலில் சிலர் இணையத்தில் வாக்குப் பரிமாற்றம் செய்தார்கள். இழுபறி மாநிலத்து நேடர் ஆதரவாளர் அல் கோருக்குப் போடுவார். முடிவு முன்பே தெரிந்த மாநிலத்தில் உள்ள கோர் ஆதரவாளர் அதற்கு ஈடாக நேடருக்குப் போடுவார். சொன்னபடி செய்தாரா என்று பார்க்க வழியில்லை, வெறும் நம்பிக்கைதான். கலிஃபோர்னியா அதிகாரிகள் வழக்குத் தொடர்வதாக எச்சரித்ததும் தளங்கள் மூடப்பட்டன. அப்படிப்பட்ட பரிமாற்றம் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 2007 ஆகிவிட்டது.

அப்படியானால் முறையையே மாற்றிவிடலாமே, வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் வாக்குச்சீட்டைக் கொண்டுவரலாமே என்று கேட்கலாம். நானும் அதை ஆதரிப்பவன்தான், ஆனால் அதைச் சர்வரோக நிவாரணியாக விற்பவர்களை நம்புவதில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டன் நகர மேயர் தேர்தல் 2009இல் அந்த முறையில் நடந்தது. முதல் விருப்பத்தில் கர்ட் ரைட் 2,951, பாப் கிஸ் 2,585, ஆண்டி மான்ட்ரோல் 2,063. கடைசியில் இருப்பவரை ஒவ்வொருவராக நீக்கி, அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவார்கள்; அப்படி மான்ட்ரோலும் நீக்கப்பட்டு, இறுதிச் சுற்றில் கிஸ் 4,313க்கு 4,061 என்று ரைட்டை வென்றார். வாக்குச்சீட்டுகளை இருவர் இருவராக ஒப்பிட்டுப் பார்த்தபோதோ, மான்ட்ரோல் தனித்தனியே இருவரையும் வென்றிருப்பார் என்று தெரிந்தது. கிஸ் வரக் கூடாது என்று நினைத்த ரைட் ஆதரவாளர்கள் சில நூறு பேர் மான்ட்ரோலை முதலில் எழுதியிருந்தால் அவர்கள் விரும்பியது நடந்திருக்கும். அதாவது அங்கேயும் உத்தி வாக்குக்கு இடம் இருந்தது, அது யாருக்கும் முன்கூட்டித் தெரியவில்லை. மறு ஆண்டே நகர மக்கள் அந்த முறையை வாக்களித்து நீக்கினார்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வெல்லக் கூடிய தேர்தலில், ஒருவரே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் நிலையும் குலுக்கலும் இல்லாத எந்த முறையாக இருந்தாலும், உண்மை விருப்பத்தை மாற்றி எழுதுவதால் யாரேனும் பயனடையும் சூழல் ஒன்று இருந்தே தீரும் என்று கிப்பார்டு, சாட்டர்த்வைட் என்ற இரண்டு அறிஞர்கள் முறையே 1973இலும் 1975இலும் தனித்தனியே நிறுவியிருக்கிறார்கள்.

ஆக, நமக்கு மிஞ்சுவது தகவல் ஒன்றுதான். அந்தத் தகவல் எங்கிருந்து வருகிறது? மாநில அளவிலான கருத்துக்கணிப்பு ஒரு தொகுதியைப் பற்றி அதிகம் சொல்வதில்லை, ஏனென்றால் அதில் அந்தத் தொகுதியிலிருந்து பதில் சொன்னவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். தொகுதிக் கணிப்பு அரிது; இருந்தாலும், சில நூறு பேரிடம் கேட்ட கணிப்பில் நான்கைந்து விழுக்காட்டுப் பிழை இயல்பு என்பதால், இரண்டாமவரும் மூன்றாமவரும் மூன்று விழுக்காட்டு வித்தியாசத்தில் இருந்தால் அவர்களின் வரிசையை அது உறுதியாகச் சொல்லாது. மீதமிருப்பது கடந்த தேர்தல் முடிவு. அதைத்தான் நாம் கெட்டியான சான்றாக எண்ணுகிறோம். அந்த முடிவுக்குள்ளேயே முன்பு போட்ட உத்தி வாக்குகள் கலந்திருக்கின்றன என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? ஒரு வேட்பாளருக்குப் போன முறை குறைவாக விழுந்தது, அவர் வெல்ல மாட்டார் என்று ஆதரவாளர்களே கைவிட்டதால் இருக்கலாம். அந்தக் குறைவான எண்ணைக் காட்டியே இந்த முறையும் அவரைக் கைவிடச் சொல்கிறார்கள். வெல்லும் வாய்ப்பில்லாதவருக்குப் போடும் ஓட்டு முழுக்க வீண் என்பதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். அது இந்தத் தேர்தலில் யாரையும் உட்கார வைக்காமல் போகலாம், அடுத்த தேர்தலின் வாக்காளர்களுக்கு அது ஒரு தகவலாகிறது. எதிரணி வந்தால் விளைவு மிகக் கடுமையாக இருக்கும் என்ற நிலையில் நானே மறுபடியும் உத்தி வாக்குப் போடக் கூடும், அதை மறைக்கவில்லை. ஆனால் தூணின் உயரத்தைப் பார்த்துப் போட மாட்டேன்.

துண்டறிக்கைக் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தேர்தலில் நான் போட்டவர் இரண்டாவதாக வந்தார்; எனக்குப் பிடித்தவர் மூன்றாவதாக, உண்மையாகவே பின்தங்கி வந்தார். அடுத்த தேர்தலுக்கு அதே கட்சி மீண்டும் துண்டறிக்கை கொண்டுவந்து கொடுத்தது, அதே மூன்று தூண்கள். இந்த முறை வாங்கியவுடன் அளவுகோலை எடுத்தேன். மூன்று தூண்களும் எண்களுக்குச் சரியாகவே வரையப்பட்டிருந்தன, தேர்தலும் சரியான தேர்தல்தான். மூன்றாவது தூண் நிஜமாகவே குட்டையாக இருந்தது. இரண்டாவது தூணின் உயரத்தில் என் ஓட்டும் இருந்தது.