வாய் கோணிய பேய் ஏன் ஜோக் அடிக்கிறது?

[திரையில்: மர முகமூடி ஒன்று, மிக அருகில்]

ஒரு கண் சரிந்து கிடக்கிறது. மூக்கு வளைந்திருக்கிறது. வாய் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது. இது பேயா, நோயாளியா? ஒரு ஊகத்தைக் கமெண்டில் போட்டுவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

[கொழும்பு தேசிய நூதனசாலை வாசல்]

வணக்கம். 1877இல் திறந்த கட்டடம் இது. வரலாறு இவ்வளவு போதும், உள்ளே போவோம். ஸ்கூலில் கூட்டி வந்தபோது இங்கே இருக்கும் முகமூடிகளைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு நடந்தவன் நான்.

தென்பகுதிச் சிங்களக் கிராமங்களில் 'சன்னி யகும' என்றொரு நோய் தீர்க்கும் சடங்கு உண்டு. சன்னி வேறொன்றுமில்லை, நம் அம்மம்மாமார் சொல்லும் அதே ஜன்னிதான். மொத்தம் 18 சன்னிப் பேய்கள், ஆளுக்கொரு நோய். செவிட்டுக்கு 'பிஹிரி', குருட்டுக்குக் 'கண', பைத்தியத்துக்குப் 'பிஸ்ஸு'. நீங்கள் பார்த்தது 'கொர' சன்னி. தமிழ்க் காதில் 'கோரம்' என்று விழும், ஆனால் அங்கே அதற்கு நொண்டி என்று அர்த்தம். முகவாதம் வந்தவரைப் பார்த்தவர்களுக்கு அந்த வாய் சட்டென்று புரிந்துவிடும். செதுக்கியவன் பேயைக் கற்பனை பண்ணவில்லை, பக்கத்து வீட்டு நோயாளியைப் பார்த்திருக்கிறான் என்றே நான் நினைக்கிறேன்.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். இந்தப் பேயை யாரும் வெட்டுவதில்லை, குத்துவதில்லை. இரவில் ஆடிக்கொண்டு வரும். மேளக்காரர் மறித்து, நீ யார், எதற்கு வந்தாய் என்று கேட்பார். அது ஏறுக்குமாறாகப் பதில் சொல்லும். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும், நோயாளிக்கு முன்னாலேயே! கடைசியில் படையலை வாங்கிக்கொண்டு, ஆளை விட்டுவிடுகிறேன் என்று கிளம்பிவிடும். உள்ளுக்குள் இருந்து வதைத்த ஒன்றுக்குப் பெயர் வைத்து, முகம் வைத்து, நேரே நிறுத்தி விசாரித்துவிட்டார்கள். வைத்தியர் தராத நிம்மதி அதில் கொஞ்சம் கிடைத்திருக்கும்.

ஜப்பானியப் படத்தில் வரும் ராட்சத மிருகம் காட்சில்லாவும் இந்த ஜாதிதான். 1954 மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்தது, சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகில் கொட்டியது. அந்தப் பயத்துக்கு முகம் வைத்து அதே வருடம் நவம்பரில் படம் வந்தது. ஆனால் ஜோக் இல்லை. எனக்கு நம் சன்னிதான் மேல்.

சரி, சின்னதில் உங்களுக்குச் சோறு தீத்த எந்தப் பூச்சாண்டியைக் கூப்பிட்டார்கள்? எங்கள் வெள்ளவத்தை ஃப்ளாட்டில் அது மேல்மாடி ஐயா. இரவில் இருமுவார், அம்மா "அந்தா வாறார்" என்பார், நான் டக்கென்று விழுங்குவேன். பாவம், அவருக்கு ஆஸ்துமா.