துடுப்புப் பிடித்த டாக்டர்

வணக்கம். பட்டாள டாக்டர் ஒருவருக்கு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது என்றால் என்ன நினைப்போம்? குண்டு பறக்கும் இடத்தில் காயம்பட்டவனுக்குக் கட்டுப் போட்டிருப்பார் என்றுதானே? கேம்பல் மெல்லிஸ் டக்ளஸ் கதை வேறு. அவருக்கு அந்தப் பதக்கம் படகு ஓட்டியதற்காகக் கிடைத்தது.

1840இல் கனடாவின் கியூபெக்கில் பிறந்தவர். அப்பாவும் டாக்டர், செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்கு நடுவே, கப்பலில் வருகிற நோயாளிகளைத் தனியே வைத்துப் பார்த்த குரோஸ் தீவின் பொறுப்பாளர். பையனுக்குத் தண்ணீர் பழகியது அங்கேதான் என்று நினைக்கிறேன். எடின்பரோவில் படித்தார், 1862இல் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தார்.

சரி, 1867க்கு வருவோம். 'அசாம் வேலி' கப்பலின் தலைவரும் மாலுமிகள் ஏழு பேரும் சின்ன அந்தமானில் இறங்கினார்கள், திரும்பவில்லை. அவர்கள் கதியை அறிய பர்மாவிலிருந்து ஒரு படை போனது. மே 7 அன்று கரையிறங்கிய சிப்பாய்கள் மீண்டு வர வழியில்லை. பின்னால் தீவுக்காரர்கள், முன்னால் ஆளை உருட்டிப் போடும் அலை.

டக்ளஸும் நான்கு சிப்பாய்களும் ஒரு சிறு படகை எடுத்தார்கள். மர்ஃபி, கூப்பர், பெல், கிரிஃபித்ஸ். இவர்கள் பெயரையும் சொல்லத்தான் வேண்டும், துடுப்பு வலித்தது அவர்கள். முதல் தடவை கரையை நெருங்கும்போதே பாதிப் படகு தண்ணீர். திரும்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை ஐந்து பேரைக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் தடவை மிச்சமிருந்த அத்தனை பேரையும். மொத்தம் 17 உயிர். டாக்டர் படகின் முன்னணியத்தில் நின்றபடி, தினசரி வேலை பார்ப்பவர்போல அலட்டாமல் இருந்தாராம்; பதக்க அறிவிப்பே அப்படித்தான் சொல்கிறது.

அதே அறிவிப்பு சொல்லாத ஒன்றும் உண்டு. அன்று அந்தத் தீவின் பழங்குடிகளான ஓங்கே மக்கள் பலர் துப்பாக்கிக்குப் பலியானார்கள். தங்கள் தீவில், தங்கள் கரையில். அவர்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எதிரியின் முன்னால் காட்டாத வீரத்துக்கும் விக்டோரியா கிராஸ் தரலாம் என்று 1858இல் விதியைத் தளர்த்தியிருந்தார்கள். அப்படி வாங்கியவர்கள் மொத்தமே ஆறு பேர். அதில் ஐந்து பேர் இந்தப் படகுக்காரர்கள். 1881இல் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். கிரிஃபித்ஸ் அதற்கு முன்பே, 1879இல், தென்னாப்பிரிக்காவில் ஜூலுக்களுடன் நடந்த இசாண்டுல்வானா போரில் இறந்துபோனார்.

டக்ளஸ் ஓய்வு பெற்றார். அப்புறமும் படகை விடவில்லை. 1885இல் கனடாவின் வடமேற்கில் கலகம் மூண்டபோது, தெற்கு சஸ்காச்சுவான் ஆற்றில் சுமார் 200 மைல் படகிலேயே போய் சஸ்கட்டூனில் மருத்துவப் பணியில் சேர்ந்தார். பத்து வருஷம் கழித்து, 55 வயதை ஒட்டி, மடக்கி எடுத்துப் போகிற ஒரு சின்னப் படகில் ஆங்கிலக் கால்வாயையே கடந்தார். அந்தத் தடவை கரையில் யாரும் அவருக்காகக் காத்திருக்கவில்லை.